ஆய்வுத் தளம்: பிச்சாட்டூருக்கு நேர் மேலே

தாட்சாயணி ஐந்து வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்த பொருள் பூமியிலிருந்து ஆயிரத்து நூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. அங்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு உள்ளூர் அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் எங்கே என்று பீடம் கேட்டது.

பீடத்தைக் குறை சொல்லாதீர்கள். விதி அப்படி.

பீடம் என்றால் சர்வசாஸ்திர உயராய்வுப் பீடம். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற சாலையில் இடது கைப்பக்கம் முப்பது அடி உயரத்துக்கு ஒரு வளைவு தெரியும், அதுதான். வளைவு கட்டி மிச்சப்பட்ட சிமெண்டில் ஆய்வுக்கூடம் கட்டினார்கள் என்று அங்கே வாட்ச்மேனே சொல்வார். வானியலும் உண்டு, பட்டுப்புழு வளர்ப்பும் உண்டு, கணிதமும் உண்டு, சமையல் விஞ்ஞானமும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விதிப்புத்தகம். அதைப் போட்டவர் ரிஜிஸ்ட்ரார் தாமோதரன். சித்தூர்க்காரர். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து பேசுவார், மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்.

அந்த விதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புண்ணியவான் பலமநேர்ப் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றி, பலமநேர் பஸ்ஸில்கூட ஏறாமல், முன்னூறு பக்கம் எழுதினார். பட்டுப்புழு மாவிலை தின்னும் என்று நாற்பது இடத்தில் எழுதியிருந்தார். பட்டமும் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு பட்டுப்புழு விவசாயி அதைப் படித்துவிட்டார். ஊரெல்லாம் சிரித்தது, பேப்பரில் நாறிப்போனது. அன்றைக்குப் போட்டதுதான் விதி பதினேழு பி. எந்தத் துறையானாலும் சரி, ஆய்வாளர் தன் ஆய்வுத் தளத்துக்கு நேரில் போகவேண்டும், அந்த எல்லைக்கு உட்பட்ட கிராம ரெவின்யூ அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவரவேண்டும். இல்லாவிட்டால் தீஸிஸை உள்ளே வாங்கமாட்டார்கள்.

சரித்திரத் துறைக்காரர்கள் சந்திரகிரிக் கோட்டைக்குப் போய் வாங்கிவந்தார்கள். மீன்வளத் துறைக்காரர்கள் பிச்சாட்டூர் அணைக்குப் போய் வாங்கிவந்தார்கள். கணிதத் துறையில் பூஜ்ஜியத்தைப் பற்றி ஆராய்ந்தவர் மட்டும் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

தாட்சாயணிக்கு அலைய நேரம் இல்லை. ஜூன் முப்பது மாலை ஐந்து மணிக்கு அவளுடைய பதிவு முடிகிறது. அதற்குள் தீஸிஸைக் கொடுத்து ரசீது வாங்கவில்லை என்றால் ஐந்து வருஷமும் பாழ். சிலி நாட்டுப் பாலைவனத்தில் ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூலை பதினைந்தில் சேரவேண்டும், கையில் அந்த ரசீது இருக்கவேண்டும். ரசீது இல்லையா, அடுத்து இருக்கிற ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிச்சாட்டூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் முனிரத்தினத்தின் மகள் சிலி வரைக்கும் போவதற்கு நடுவே குறுக்கே நின்றது பதினேழு பி மட்டும்தான்.

மே மாதக் கடைசியில் அவள் ரிஜிஸ்ட்ரார் அறைக்குப் போனாள். கூடவே அவளுடைய கைடு, பேராசிரியர் ஏகாம்பரமும் வந்தார். ஏகாம்பரம் நல்ல மனுஷன், நல்ல விஞ்ஞானி. ரிஜிஸ்ட்ரார் அறைக்குள் போனால் மட்டும் அவருக்குத் தலையாட்டுவது தவிர வேறெதுவும் வராது.

"தளம் எங்கம்மா இருக்கு?" என்றார் தாமோதரன்.

"ரொம்ப தூரம் சார். அது ஒரு கேலக்ஸி. நடுவுல ஒரு ராட்சசக் கருந்துளை, சுத்தி இருக்கறதையெல்லாம் விழுங்கிக்கினு பளபளன்னு எரியுது. அதுக்குப் பேர் குவேசார். அந்தக் கேலக்ஸியில குளிர்ந்த வாயு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நான் அளக்கறேன். அந்த வாயு இருந்தாதான் அங்க புதுசா நட்சத்திரம் பொறக்கும்."

"எத்தனை கிலோமீட்டர்?"

தாட்சாயணி சொன்னாள். தாமோதரன் எழுத ஆரம்பித்தார். பன்னிரண்டாவது சைபரில் படிவத்தின் கட்டம் முடிந்துபோனது. பேனாவை வைத்துவிட்டார்.

"அவ்ளோ தூரம் எப்படித் தெரியுது?"

"நமக்கும் அதுக்கும் நடுவுல வேற ஒரு கேலக்ஸி நிக்குது சார். அதோட கனம் வர்ற ஒளியை வளைச்சிடுது. ஒளி நாலு வழியா சுத்திக்கினு வருது. அதனால ஒரே கேலக்ஸி நமக்கு நாலு பிம்பமா, பெருசா தெரியுது. நாலு வழியும் ஒரே நீளம் கிடையாது. முதல் வழியில வந்த சேதி, நாலாவது வழியில இருபத்து மூணு நாள் கழிச்சுதான் வரும்."

"நடுவுல நிக்கறவங்களுக்கு கனம் இருந்தாதான் விஷயம் பெருசாத் தெரியும்" என்றார் தாமோதரன், தன்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொன்ன திருப்தியோடு. "எல்லாம் சரிம்மா. சர்டிபிகேட் எங்கே?"

"அங்க போக முடியாது சார். ஒளி வேகத்துல போனாலும் ஆயிரத்து நூறு கோடி வருஷம் ஆகும்."

"அப்போ எக்ஸ்டென்ஷன் கேட்டிருக்கணும். அதிகபட்சம் ஆறு மாசம் தருவோம்." ஏகாம்பரம் தலையாட்டினார். "சூடம்மா, இங்க பாரும்மா, நான் ஒன்பது வருஷமா ரிஜிஸ்ட்ரார். இதுவரைக்கும் ஒரு தீஸிஸ் நான் படிச்சது கிடையாது. ஏன் தெரியுமா? படிச்சா பாரபட்சம் வந்துடும். பட்டுப்புழுவும் எனக்கு ஒண்ணுதான், உன் பளபளாவும் எனக்கு ஒண்ணுதான். ஒரு ஆளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தா அது நியமம் கிடையாது, சலுகை. எந்த நியமம் போட்டாலும் எல்லாத் துறைக்கும் பொருந்தும்னு கீழ ஒரு வரி போடுவேன். அதுதான் என் கொள்கை. அர்த்தமயிந்தா?"

அவளுக்கு நன்றாகவே அர்த்தமாயிற்று. ரேணிகுண்டாவில் பஸ் ஏறி, புத்தூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, பிச்சாட்டூர் வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். கண்டக்டர் பாவம், டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்காமல் போய்விட்டார்.

முனிரத்தினம் தோப்பில் பேனிஷா மாங்காய்களைத் தரம் பிரித்து வைக்கோலில் அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா ஆச்சு? துன்னியா இல்லியா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாதியை மகள் வாயில் ஏற்கெனவே கேட்டிருந்தார், மீதியை அன்றைக்குத்தான் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"அந்தக் கேலக்ஸி எந்தப் பக்கம் கீது?"

"மேல நைனா. தினம் ஒரு தடவை நம்ம ஊருக்கு நேர் மேல வரும். வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது, ஆனா வரும். பூமியில பிச்சாட்டூர் எந்தக் கோட்டுல கீதோ, வானத்துல அது அதே கோட்டுல ஓடுது."

"நேர் மேலன்னா?"

"உச்சந்தலைக்கு நேரா. இந்த மரத்துக்கு நேரா."

முனிரத்தினம் மரத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார்.

"அப்போ நம்ம கிருஷ்ணப்பா சார் லிமிட்டுதான? அதுக்கு ஏன் அழுவுற?"

கிருஷ்ணப்பா அந்த ஊர் கிராம ரெவின்யூ அதிகாரி. கறாரான ஆள். பார்க்காத நிலத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார், போட்ட கையெழுத்தை மாற்றிச் சொல்லமாட்டார். தாட்சாயணி காட்டிய கணக்கை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தார். அட்சரேகை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னாள். புரிந்துகொண்டார். பீடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

"நான் போய்ப் பார்த்தேன்னு எழுதமாட்டேன்மா. நீ போனேன்னும் எழுதமாட்டேன். மேல கடந்து போவுதுன்னு உன் கணக்கு சொல்லுது, அதை எழுதறேன்" என்றார்.

தெலுங்கில் அழகான கையெழுத்தில் எழுதினார். மேற்படி பொருள் தினசரி ஒரு முறை மேற்படி முனிரத்தினத்தின் தோப்புக்கு நேர் மேலே கடந்து செல்வதாக மனுதாரர் காட்டிய கணக்கின்படி தெரிகிறது. அப்போது மனுதாரர் கீழே ஆஜரில் இருந்தார். மேற்படி பொருளின் பேரில் பட்டா எதுவும் வழங்கப்படவில்லை. ஆக்கிரமிப்பு இல்லை. முத்திரை.

தாட்சாயணிக்கு உயிர் வந்தது. மறுநாளே பீடத்துக்கு ஓடினாள். அங்கே அடுத்த ஆப்பு தயாராக இருந்தது.

தீஸிஸில் யாராவது காப்பி அடித்திருக்கிறார்களா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற ஏற்பாடு பீடத்தில் உண்டு. அவளுடைய நாலாவது அத்தியாயத்தில் நான்கு படங்கள் இருந்தன. நான்கு பிம்பத்திலிருந்தும் வந்த வாயுவின் சமிக்ஞை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோடுகளின் ஏற்ற இறக்கம் நான்கிலும் ஒன்றே. ஒரே கேலக்ஸி அல்லவா, வேறெப்படி இருக்கும்? கம்ப்யூட்டர் சொன்னது: தொண்ணூற்றேழு சதவீதம் ஒற்றுமை. உடனே நகல் தடுப்புக் குழு கூடியது. அதற்கும் தாமோதரனே தலைவர். பீடத்தில் மொத்தம் பதினோரு குழு, பதினொன்றுக்கும் அவர்தான் தலைவர். ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு அவரே கடிதம் எழுதுவார், அவரே காலதாமதமாகப் பதில் போடுவார், பதில் வரவில்லை என்று அவரே நினைவூட்டலும் அனுப்புவார்.

கூட்டத்தில் குறிப்பெடுத்தவர் பரீட்சைப் பிரிவு சூப்பரின்டென்டென்ட் பிரமிளா. முகத்தில் சிரிப்போ கோபமோ பார்க்க முடியாத அம்மாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுவார், எழுதியதை எழுதியபடி நடத்துவார்.

"நாலு படம் போட்டிருக்கே. நாலும் ஒண்ணு. எதைப் பார்த்து எதைக் காப்பி அடிச்சே?" என்றார் தாமோதரன்.

"காப்பி இல்லை சார். நாலும் ஒரே பொருளோட பிம்பம்."

"அப்போ ஒரிஜினல் எது?"

"எல்லாமே ஒரிஜினல்தான் சார். ஒரே சேதி நாலு வழியா வருது, வழிதான் வேற, வந்து சேர்ற நாள்தான் வேற. எது முதல்ல கைக்கு வருதோ அதை வெச்சே நாங்க வேலையை ஆரம்பிப்போம். மத்த மூணும் பின்னாலயே அதையேதான் சொல்லும்."

தாமோதரன் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் தலையாட்டினார். அந்த மனுஷன் ஐந்து வருஷத்தில் செய்த பேருதவி அந்த ஒரு தலையாட்டல்.

"சரி, ஒத்துக்கறேன்" என்றார் தாமோதரன். "ஆனா இந்த ஒரு பொண்ணுக்கு மட்டும்னு எழுதினா அது சலுகை ஆயிடும். பிரமிளாம்மா, தீர்மானம் எழுதுங்க. வடிவத்தில் ஒன்றாகவும், வந்து சேர்ந்த வழியிலும் நாளிலும் மட்டும் வேறாகவும் உள்ள நகல்கள் எல்லாம் ஒரே மூலம் எனக் கருதப்படும். எது முதலில் கிடைக்கிறதோ அதைக்கொண்டு நடவடிக்கை எடுக்கலாம். இது பீடத்தின் எல்லாத் துறைகளுக்கும் எல்லாப் பிரிவுகளுக்கும் பொருந்தும்."

பிரமிளா எழுதினார். தீர்மானம் எண் நாற்பத்தி நாலு.

அந்தக் கண்டம் தாண்டியது. ஆனால் கிருஷ்ணப்பாவின் சான்றிதழைத் தாமோதரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை உண்மையாக எழுதின சான்றிதழை அவர் பார்த்ததே இல்லை, அதனால் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டுத் தள ஆய்வு நடத்தவேண்டும் என்றார். குழுவே நேரில் வந்து தளத்தைப் பார்க்குமாம். எப்போது பொருள் தோப்புக்கு மேலே வரும் என்று எழுத்தில் கேட்டார்கள். ஜூன் பதினாறாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு வரும் என்று அவள் எழுதிக்கொடுத்தாள். அதன்படி சர்க்குலர் போட்டார்கள்.

ஜூன் பதினாறாம் தேதி குழு வரவில்லை. ரிஜிஸ்ட்ரார் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. ஆய்வு இருபத்து நாலாம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது, மற்ற விவரங்களில் மாற்றமில்லை என்று இன்னொரு சர்க்குலர் வந்தது. தாட்சாயணி பதறிக்கொண்டு கடிதம் எழுதினாள். ஐயா, அந்தப் பொருள் ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முன்னதாக வரும், எட்டு நாளில் முப்பத்து இரண்டு நிமிஷம் முன்னதாகிவிடும், இருபத்து நாலாம் தேதி பத்து முப்பத்தெட்டுக்கே வரும், தயவுசெய்து முன்கூட்டி வரவும். கடிதத்தை வாங்கி, எண் போட்டு, பத்திரமாக ஃபைலில் கட்டி வைத்தார்கள்.

இருபத்து நாலாம் தேதி பதினொன்று இருபத்தைந்துக்கு மூன்று வண்டிகள் தோப்புக்குள் வந்து நின்றன. டிரைவர் குடை பிடிக்க, தாமோதரன் இறங்கினார். ஏகாம்பரம், பிரமிளா, குழு உறுப்பினர் நாலு பேர், போட்டோ எடுக்க ஒருவர். முனிரத்தினம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். கிருஷ்ணப்பா ரிஜிஸ்டரோடு நின்றார்.

"எங்கம்மா?" என்றார் தாமோதரன்.

தாட்சாயணி மேலே காட்டினாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உச்சி வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு காகம் போனது. போட்டோக்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

"ஏதும் தெரியலையே?"

"பகல்ல தெரியாது சார். அதுவுமில்லாம, பத்து முப்பத்தெட்டுக்கே தாண்டிப் போயிடுச்சு. கடிதம் கொடுத்திருந்தேன் சார்."

தாமோதரனுக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கேயே, மாமரத்தடியில், ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"சர்க்குலர்ல பதினொன்று பத்துன்னு போட்டிருக்கு. போட்ட நேரத்துக்கு இருக்கணும். முன்னாடியே வந்துட்டா என்ன பண்ணணும்? காத்துக்கினு இருக்கணும். என் ரூம் வாசல்ல ஜனங்க காலையில வந்து சாயந்திரம் வரைக்கும் காத்துக்கினு இருக்கலியா? யாராவது நகர்ந்தாங்களா? தினம் நாலு நிமிஷம் முன்னாடி வர்றதாம்! பீடத்துல முன்னூத்தி அறுபது பேர் வேலை பாக்கறாங்க, ஒருத்தர்கூட ஒரு நாள்கூட முன்னாடி வந்தது கிடையாது. ஒழுங்குன்னா அது. இது என்ன பொருளம்மா, ஒழுங்கே இல்லாம?"

முனிரத்தினத்துக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"சார், கோச்சுக்காதீங்க. அது ஆயிரத்து நூறு கோடி வருசமா நடந்து வர்றதாம். நீங்க பதினஞ்சு நிமிசம் லேட்டு."

பிரமிளா அதைக் குறித்துக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர் அல்லவா.

நல்லவேளையாக அந்த நேரத்தில் சாப்பாடு தயாராகிவிட்டது. நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் சோறும் ஒரு பக்கம், அறுத்து வைத்த பேனிஷாப் பழம் ஒரு பக்கம். குழு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தளத்தை ஆழமாக ஆய்வு செய்தது. தாமோதரன் நாலு பழம் சாப்பிட்டார். ஐந்தாவது பழத்தில் மனசு இளகிவிட்டது. விரலைத் துடைத்துக்கொண்டே தாட்சாயணியைக் கூப்பிட்டார்.

"பயப்படாதேம்மா. பொருள் ஸ்தலத்துல இல்லேன்னு எழுதித்தான் ஆகணும். ஆனா அதுக்காக நிராகரிக்கமாட்டோம். நாங்க எத்தனை லேப் இன்ஸ்பெக்ஷன் போறோம்! எந்த லேப்ல மெஷின் இருந்தது? லைப்ரரி இன்ஸ்பெக்ஷன் போறோம், புஸ்தகம் இருக்கா? ஹாஸ்டலுக்குப் போறோம், தண்ணி இருக்கா? எல்லாத்துக்கும் ஒப்புதல் கொடுக்கறோம். இல்லாததுக்கு ஒப்புதல் கொடுக்கறதுல எங்களுக்கு அனுபவம் இருக்கு."

"முப்பதாம் தேதிக்குள்ள ஆர்டர் வந்துடுமா சார்?"

"முறைப்படி வரும்" என்றார் தாமோதரன். வண்டியில் எட்டுக் கூடை பழம் ஏறியது.

அறிக்கை மறுநாளே டைப் ஆகிவிட்டது. தளம் நல்ல நிலையில் உள்ளது. பழங்கள் தரமானவை. பொருள் மட்டும் ஸ்தலத்தில் இல்லை, அதற்குக் குழு வருத்தம் தெரிவிக்கிறது. ஒப்புதல் அளிக்கலாம். கையெழுத்துக்காக ஃபைல் சித்தூர் போனது. தாமோதரனுக்குச் சித்தூரில் வீட்டோடு சேர்த்து ஒரு முகாம் அலுவலகம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் பீடம் சித்தூரில்தான் இயங்கும்.

இருபத்தாறு போனது. இருபத்தேழு போனது. தாட்சாயணி ஒரு நாளைக்கு நாலு தடவை தபால் பிரிவுக்குப் போய் நின்றாள். வரவில்லை, வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி சாப்பிடவில்லை. சிலியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது, ரசீது அனுப்பிவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டு. பதில் எழுத உட்கார்ந்தாள். ஐந்து வருஷம், எத்தனை நாள் கண் எரிய அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு தாளில் போய் முடியப்போகிறதே என்று நினைத்ததும் திரை மங்கிவிட்டது. மூடி வைத்துவிட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் ஹாஸ்டல் வார்டன் மணியம்மா கதவைத் தட்டினார்.

"ஏம்மா, ரூம் எப்போ காலி பண்றே?"

"ஏன் மேடம்?"

"உனக்குத்தான் ஒப்புதல் வந்துடுச்சே. ஆய்வு முடிஞ்சவங்க இருக்கக்கூடாது. அடுத்த பொண்ணு பெட்டியோட கீழ நிக்குது." கையில் ஒரு தாளை ஆட்டினார்.

தாட்சாயணி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். ஆர்டர். தாமோதரன் கையெழுத்து. தேதி ஜூன் இருபத்தேழு. செல்வி தாட்சாயணி தமது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அனுமதிக்கப்படுகிறார். கீழே பட்டியல்: நகல் ஒன்று, ஹாஸ்டல் வார்டனுக்கு, அறையைக் காலி செய்விக்க. நகல் இரண்டு, நூலகருக்கு, புத்தகங்களைத் திரும்பப் பெற. நகல் மூன்று, காவல் பிரிவுக்கு, அடையாள அட்டையைப் பறிமுதல் செய்ய. நகல் நான்கு, ஆய்வாளருக்கு, தகவலுக்காக, நிரந்தர முகவரிக்குத் தபாலில்.

அவளை வெளியேற்ற வேண்டியவர்களுக்கெல்லாம் டிரைவரே கையில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவளுக்கு மட்டும் தபால்.

அந்தத் தாளை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

"மேடம், இதை நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் கொடுங்க. ரூமை இப்பவே காலி பண்ணிடறேன்."

மணியம்மாவுக்கு அது நல்ல பேரமாகப் பட்டது.

முப்பதாம் தேதி மூன்று மணிக்குத் தாட்சாயணி தீஸிஸ் ஐந்து பிரதியையும் பைண்டு பண்ணி வாங்கி, தோளில் சுமந்துகொண்டு பரீட்சைப் பிரிவில் பிரமிளா முன்னால் போய் நின்றாள். பிரமிளா தாளை வாங்கிப் படித்தார்.

"இது வார்டனுக்கு வந்த காப்பி. உன் காப்பி எங்கே?"

"அது இன்னும் வரலை மேடம். சித்தூர்லேருந்து சுத்திக்கினு வருது. வர்றப்ப வரும்."

"உன் காப்பி வந்தாத்தான் வாங்க முடியும்."

"தீர்மானம் நாற்பத்தி நாலு மேடம். நீங்கதான் எழுதினீங்க."

பிரமிளா எழுந்துபோய் ரிஜிஸ்டரை எடுத்துவந்தார். தன் கையெழுத்தைத் தானே படித்தார். வடிவத்தில் ஒன்று, வழியிலும் நாளிலும் மட்டும் வேறு, ஒரே மூலம், எது முதலில் கிடைக்கிறதோ. எல்லாப் பிரிவுகளுக்கும் பொருந்தும். இரண்டாம் தடவையும் படித்தார். பிரமிளா போனை எடுத்துச் சித்தூருக்குப் போட்டார். மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எந்தத் தீர்மானம்? நான் தலைமை தாங்கினதா?"

"ஆமா சார். படிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம் வேணாம். படிச்சா பாரபட்சம் வந்துடும். நான் போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும். அமல்படுத்துங்க."

பிரமிளா ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். முத்திரை விழுந்தது. ரசீதைக் கொடுக்கும்போது பிரமிளாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், உறுதியாகச் சொல்லமுடியாது.

"போற இடத்துல தினம் நாலு நிமிஷம் முன்னாடி போம்மா" என்றார்.

அவள் போய்விட்டாள். ஜூலை பதினைந்தாம் தேதி சிலியில் சேர்ந்தும்விட்டாள்.

நாலாவது நகல் ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலையில் பிச்சாட்டூர்த் தோப்புக்கு வந்து சேர்ந்தது. வார்டனுக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் சரியாக இருபத்து மூன்று நாள். சித்தூர், பாகாலா, திருப்பதி, புத்தூர் என்று உறை முழுக்க முத்திரை. உள்ளே கூடவே இன்னொரு கடிதம் இருந்தது. விதி பத்தொன்பது ஏ. ஆய்வு முடிந்த பின் ஆய்வுத் தளத்தைப் பழைய நிலையில் ஒப்படைத்ததற்கான உள்ளூர் அதிகாரியின் சான்றிதழைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பாவிட்டால் பட்டம் நிறுத்திவைக்கப்படும்.

முனிரத்தினம் அதைப் படித்துவிட்டு வாய்க்கு வந்தபடி ஒரு பாட்டம் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிருஷ்ணப்பாவைக் கையோடு தோப்புக்குக் கூட்டிவந்தார்.

கிருஷ்ணப்பா கடிதத்தைப் படித்தார். மேலே பார்த்தார். மணி ஒன்பதரை.

"இப்போ அது இங்க இருக்குதா முனிரத்தினம்? பார்க்காம எழுதமாட்டேன், தெரியுமில்ல?"

"எட்டே முக்காலுக்கே தாண்டிடுச்சு சார். நான் தினம் கணக்கு வெச்சிருக்கேன்" என்றார் முனிரத்தினம். மரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். மகள் போன நாளிலிருந்து ஒவ்வொரு தேதியிலும் ஒரு நேரம் எழுதியிருந்தது, நாலு நாலு நிமிஷமாகக் குறைந்துகொண்டு. "இங்க தாண்டினா பத்து மணி நேரத்துல எம் பொண்ணு இருக்கற ஊருக்குப் போயிடுது. இப்போ அங்கதான் போய்க்கினு கீது. எனக்கு அது போதும் சார்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அதிகம்தான்.

கிருஷ்ணப்பா காலண்டரைத் தேதி தேதியாகச் சரிபார்த்தார். தன் கைக்கடிகாரத்தோடும் ஒத்துப் பார்த்தார். ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"கடந்து போகுதுன்னு எழுதிடலாம். ஆனா பழைய நிலையில கீதான்னு கேக்கறாங்களே, அதுக்கு இன்னா எழுதறது?"

"நாம பாக்கற வெளிச்சமே அங்கேருந்து எப்பவோ கெளம்பினது சார், எம் பொண்ணு சொல்லிக்கீது. ஆயிரத்து நூறு கோடி வருசத்துக்கு முந்தி எப்படி இருந்துச்சோ, அப்படியேதான் தெரியுதுன்னு எழுதுங்க."

கிருஷ்ணப்பா அதை மனசுக்குள் ஒரு தடவை சரிபார்த்தார். பிழை எதுவும் இல்லை. அப்படியே எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினார். விதி பதினேழு பி வந்த நாளிலிருந்து பீடத்துக்குப் போன சான்றிதழ்களிலேயே பழைய நிலை என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொன்னது அது ஒன்றுதான். தாமோதரன் அதைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டார்.